கடைசிக் கொடி

"இதோட எனக்குப் போதும் டீச்சர். அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

நயினார் இதைச் சொன்னபோது ஜெசிந்தா டீச்சர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். விறகு ஈரம். அடுப்பும் போதும் போதும் என்றுதான் புகைந்தது.

"என்ன போதும்?"

"எல்லாந்தான்."

எல்லாம் என்றால், நீலகிரியில் மார்கழிக் குளிரில் வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் வழிதேடும் போட்டி. கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். சோலையிலும் தேயிலைச் சரிவிலும் அங்கங்கே கட்டி வைத்திருக்கும் துணிக்கொடிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் போக வேண்டும். கொடியோடு தொங்கும் துளைப்பானால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த கொடிக்கு நடக்க வேண்டும். முதலில் வந்து சேருகிறவருக்கு ஒரு கோப்பை. ஏற்பாடு செய்கிறவருக்கு ஜலதோஷம்.

நயினார் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி உடம்பு, குளிருக்குப் பிறந்ததில்லை. மகள் வீட்டோடு மலைக்கு வந்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தன்னைவிட இருபது வயது சின்னவரான பூகோள டீச்சரிடம் மேப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போனார். டீச்சர் கற்றுக்கொடுத்தார். கையோடு போட்டியையும் அவர் தலையில் கட்டிவிட்டார்.

"ஃபாரஸ்ட் ஆபீசுக்கு நடையா நடந்தேன். கட்டின கொடி ஒண்ணைக் காட்டெருமை மிதிச்சிட்டு. விடியக்காலம் உறைபனியில போயி மறுபடியும் கட்டினேன். வந்தவன் ஒருத்தன் கேக்கான், டீ ஏன் ஆறிப்போச்சுன்னு. நயினார் சார், நீங்க சாப்டீங்களான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

"சாப்டீங்களா?" என்றார் டீச்சர்.

"அதில்ல டீச்சர் இப்பப் பிரச்சினை."

டீச்சர் அடுப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"போட்டிக்குப் போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாச்சா?"

"கோதண்டபாணியைத் தவிர."

கோதண்டபாணி மேட்டுப்பாளையத்தில் அரிசிக்கடை வைத்திருப்பவர். கனத்த சரீரம். போட்டியில் ஓடமாட்டார், நடப்பதும் அரைமனதாகத்தான். போன வருஷம் பாதியில் கைவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். முடிக்காவிட்டாலும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது இந்தப் போட்டியின் முதல் விதி. அவர் பஸ் ஏறியது தெரியாமல் நயினார் இருட்டும்வரை கத்திக் கூப்பிட்டபடி காடெல்லாம் தேடினார். தொண்டை கட்டியது தை மாசம் முழுக்கச் சரியாகவில்லை.

"இந்த வருஷமும் பஸ் ஏறியிருப்பாரு."

"பார்த்தீங்களா?"

"பாக்கணுமாக்கும்? போன் போட்டேன், போகலை. இந்த மூடுபனியில எந்த மனுஷன் டீச்சர் சுத்திக்கிட்டு இருப்பான்?"

டீச்சர் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு சரிவில் ஏறிப் போனார். கொஞ்ச தூரத்திலேயே பனி அவரை மறைத்துவிட்டது.

போகட்டும் என்று நினைத்தார் நயினார். இன்னொரு தடவை ஏமாற அவர் தயாராயில்லை. கொடிகளைக் கழற்றி மூட்டை கட்டி ஒப்படைத்தால் விட்டது சனி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைசிக் கொடி கிட்டத்தில்தான், தேயிலைத் தோட்டத்து கேட்டில். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. விரல்கள் மரத்திருந்தன. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். அறுத்தது மனதுக்கு இதமாக இருந்தது.

அதற்கு முந்தின கொடி மேலே, ஒற்றைப் பாறையின் அடியில். அதில் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவே இல்லை. நேரே கத்திதான்.

அதற்கும் முந்தினது சோலை ஓரத்தில். அங்கேதான் வினை. மேப்பைக் கொண்டுவரவில்லை. தன் கையால் கட்டிய கொடிக்கு மேப் எதற்கு என்று வந்துவிட்டார். பனி இறங்கி முன்னால் நீட்டிய கையே மங்கலாகத் தெரிந்தது. விழுந்து கிடந்த ஒரு யூகலிப்டஸ் மரத்தைத் தாண்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதே மரத்தைத் திரும்பவும் தாண்டினார். கொடி அகப்படவில்லை. வழிதேடும் போட்டி நடத்துகிறவரே வழி தவறினார் என்று தெரிந்தால் மலையிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் சிரிப்பார்கள்.

வெட்கமும் பயமுமாக, ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். ஒற்றைப் பாறை தெரிந்தது. உயிர் வந்தது.

பாறையடியில், கொடி தொங்கிய இடத்தில், ஒரு உருவம் நின்றுகொண்டிருந்தது.

ஜெசிந்தா டீச்சர். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சால்வை நனைந்திருந்தது.

"கோதண்டபாணி கிடைச்சாரா?"

"இல்ல. மேல போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்ல."

"அப்ப இங்க ஏன் நிக்கீங்க?"

"திரும்பி வந்தேன். கொடியைக் காணோம்."

நயினார் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். மறைக்கக்கூடிய பையா அது.

"அவரு வரமாட்டாரு டீச்சர்."

"இருக்கலாம்."

"பிறகு?"

"மேப்புல இங்க ஒரு கொடி போட்டுக் கொடுத்திருக்கோம்ல சார்."

நயினாருக்கு முகம் சுட்டது. பையைத் திறந்து கொடியை எடுத்தார். கட்டப் பார்த்தார். கயிறு ஒரு விரல் நீளம்கூட மிச்சமில்லை.

டீச்சர் அறுந்த நுனியைப் பார்த்தார்.

"கொஞ்சம் நீங்க நில்லுங்க சார். நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

இறங்கிப் போய்விட்டார்.

நயினார் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் கோபமாக வந்தது. பிறகு கோபப்படவும் தெம்பில்லை. கால் மாற்றி நின்றார். குரங்குக் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டார். இந்த வேலை அவருக்குப் புதிதில்லை. நிற்காமல் போகிற ரயில்களுக்குப் பச்சைக்கொடி காட்டிக் காட்டியே தலை நரைத்தவர். எந்த டிரைவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அப்போது முழங்கால் நன்றாக இருந்தது.

யாரும் வரவில்லை. போய்விடலாம் என்று நினைத்தார். கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தார். திரும்பவும் போய்விடலாம் என்று நினைத்தார்.

மேலே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு வயிறு வந்தது. அதன் பின்னால் கோதண்டபாணி வந்தார். பேன்ட் முழங்கால்வரை சேறு. அட்டையை நீட்டி, கொடியோடு தொங்கிய துளைப்பானால் ஓட்டை போட்டுக்கொண்டார். அப்புறந்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங் சார், கொடி இப்படி ஆடுது?"

"குளிருது."

"நேரமாயிருச்சுங். சோலையில வழி தெரியாம நெம்பச் சுத்திட்டனுங்."

"நீங்க பஸ் ஏறிட்டீங்கன்னுல்லா நினைச்சேன்."

கோதண்டபாணி மூச்சை விட்டார்.

"போன வருசம் ஏறிட்டனுங். ஏறி உக்கார்றேன், மேப்பு மடியிலயே கெடக்குது. நமக்காவ ஒருத்தரு இந்தக் குளிர்ல போயிக் கட்டி வெச்சிருக்காரு, அதைப் பாக்காமயே போறமேன்னு இருந்துச்சுங். அன்னிக்கு ராத்திரி சோறே எறங்கலை. அதான் இந்தத் தடவை ஒண்ணு விடாமப் பாத்துட்டுத்தான் போறதுன்னு வந்தனுங்."

கோதண்டபாணி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணுதானுங்களே பாக்கி? தோட்டத்து கேட்டுல?"

நயினாரின் தோளில் பை திடீரென்று கனத்தது.

"ஆமா," என்றார். "கேட்டுலதான். நீங்க உக்காந்து மெதுவா வாங்க. அவசரமே இல்ல. நல்லா மெதுவா வாங்க."

சொல்லிவிட்டு ஓடினார்.

ஓடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. முழங்கால் கெஞ்சியது. தேயிலைச் செடிகள் வேட்டியைப் பிடித்து இழுத்தன. ஒரு இடத்தில் சறுக்கி உட்கார்ந்து, எழுந்து, திரும்பவும் ஓடினார். ஓடிக்கொண்டே பைக்குள் கையை விட்டுக் கடைசிக் கொடியைத் துழாவி எடுத்தார்.

கேட் தெரிந்தது.

கேட்டில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ டம்ளர் இல்லை. கைகள் கக்கத்தில் இருந்தன.

"டீ குடிக்கப் போகலையா?"

"போற வழியில பார்த்தேன். இதையும் காணோம்."

நயினார் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பின்னால், தூரத்தில், ஒரு கனத்த ஆள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் கையை நீட்டினார்.

"கொடியைக் குடுங்க. நீங்க போங்க சார். போதும்னு சொன்னீங்கல்ல."

நயினார் கொடுக்கவில்லை. திரும்பி, சரிவைப் பார்த்து நின்று, கொடியை உயரத் தூக்கிப் பிடித்தார்.