சிவப்பு காட்டாத கூரை

"மாடல்ல தப்பே இல்ல, மேடம்," என்றார் பூவராகன்.

"நல்லதுதானே, சார்?"

"நல்லதில்ல. தப்பு இருந்தாத் தேவலாம்."

ஹெப்சிபா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்தார்.

பூவராகனுக்கு ஐம்பத்தைந்து வயது. ஹெப்சிபா நாற்பதைத் தொடவில்லை. இருவரையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் யார் குரு, யார் சிஷ்யர் என்பதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். பேப்பரில் பென்சில் பிடித்து வரைந்துகொண்டிருந்த இன்ஜினியரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு முழுக் கட்டிடத்தையும் கம்ப்யூட்டருக்குள் மாடலாக எழுப்பக் கற்றுக்கொடுத்தவர் ஹெப்சிபா. தன்னைவிடச் சின்னவரிடம் கேட்டுக்கொள்வதில் பூவராகனுக்குக் கூச்சமே கிடையாது. அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பைபாஸ் ஓரத்தில் ஒரு தகர ஆபீஸ். அதன் ஜன்னல் வழியே பாதி எழுந்த ஆஸ்பத்திரி தெரிந்தது. அதன் கூரை, யாரோ கோபத்தில் கசக்கி எறிந்த காகிதம் மாதிரி இருக்கும். வடிவமைத்தவர் அதை மேகம் என்றார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அந்த மேகத்தைத் தாங்க வளைந்த இரும்பு உத்தரங்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றுக்கும் வேறு நீளம், வேறு வளைவு.

போன வாரம் அதில் ஓர் உத்தரம் விழுந்தது. சாரத்தில் நின்றுகொண்டிருந்த எட்டியப்பன் என்ற தொழிலாளி செத்துப்போனார்.

"எல்லாரும் எழுதிக் கொடுத்துட்டாங்க, மேடம். தூண் போட்டவங்க, தூண் சரிங்கிறாங்க. இரும்பு வெட்டினவங்க, படத்துல இருந்தபடிதான் வெட்டினோம்ங்கிறாங்க. போய்ப் பாத்தேன், அப்படித்தான் வெட்டியிருக்காங்க. இழுத்துக் கட்டின செயினும் நல்ல செயின். எல்லாரும் சரி. ஆள் மட்டும் இல்ல."

"நீங்க?"

"நானும் சரிதான். அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க."

பூவராகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எட்டியப்பன் வீட்டுக்குப் போனேன், மேடம். அந்தம்மா அழுதுகிட்டே இருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, 'உங்க மேல தப்பில்லன்னு சொன்னாங்க சார், நீங்க மனசு கஷ்டப்படாதீங்க'ன்னுச்சு. அந்தம்மா எனக்கு ஆறுதல் சொல்லுது."

 

போன் அடித்தது. சைட்டைப் பார்த்துக்கொள்ளும் நாகூர்மீரான்.

"சார், புது கோஷ்டி சாரத்துல ஏறி நிக்குது. அடுத்த உத்தரத்தைக் கிரேன்ல கட்டியாச்சு. நீங்க சரின்னா தூக்கிடலாம்."

"கொஞ்சம் பொறுங்க, பாய்."

"மேலிடத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க, சார். மாடல் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"தப்பு எங்கன்னு காட்டுங்க, மேடம். கண்டுபிடிச்சா சரி பண்ணிட்டு ஏத்துவேன். கண்டுபிடிக்காம எப்படி ஆளை அனுப்புறது? வேணாம்னும் சொல்ல முடியல. எதைக் காட்டி வேணாங்கிறது?"

"விட்டுடுங்களேன், சார். நான் பாக்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

"நான் விட்டா வேற ஒருத்தர் வந்து உக்காருவார். அவரும் மாடலைத் திறந்து பாப்பார். சரின்னுடுவார்."

அது உண்மை. ஹெப்சிபா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லுங்க."

"தூண் கொஞ்சம் தள்ளி எழுந்திருச்சு. சொன்ன இடத்துல எந்தத் தூண் நின்னிருக்கு, மேடம்? அளந்து மாடல்ல போட்டேன். உத்தரம் தானா நீண்டுக்குச்சு. சிவப்பே இல்ல."

இந்த மாடல்களின் குணம் அப்படி. ஓர் எண்ணை மாற்றினால் போதும், அதைச் சார்ந்த எல்லாம் தாமாகவே விலகி, வளைந்து, நீண்டு இடம் கொடுத்துவிடும். அப்படியும் ஒன்று இன்னொன்றில் போய் இடித்தால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். சிவப்பு இல்லையென்றால் கட்டிடத்துக்குள் சண்டை இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.

"மாடல்ல நீண்டுச்சு. வெளியே?"

"வெளியே அது முன்னாடியே வெட்டி வந்து தரையில கிடந்துச்சு. நாலு விரல் குறைஞ்சது. செயின் போட்டு இழுத்தா தூண் கொஞ்சம் கிட்ட வரும், போல்ட் மாட்டிடலாம்னாங்க. திரும்ப மாடலைப் பாத்தேன். சிவப்பு இல்ல. சரின்னுட்டேன். இழுக்கும்போதுதான் விழுந்துச்சு."

"அப்போ அதுதான்."

"அதுதான்னா, அதுக்கு முன்னாடி மாட்டினதெல்லாம்? ஒண்ணுல ரெண்டு விரல் குறைஞ்சது, ஒண்ணுல அஞ்சு விரல். எல்லாத்தையும் இழுத்துத்தான் மாட்டினோம். எல்லாம் மாட்டிக்குச்சு. ஊர் உலகத்துல எல்லா சைட்லயும் இழுத்துத்தான் மாட்டுறாங்க. இதை மட்டும் தப்புன்னு போய்ச் சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க, மேடம். மாடலைத் திற, எங்க தப்புன்னு காட்டுன்னு கேப்பாங்க."

"காட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. வேணும்னே தப்பு பண்ணிப் பாத்தேன். தூணை ஒரு அடி தள்ளினேன். சிவப்பு வரல. பத்தடி தள்ளினேன். வரல. வெறுத்துப்போய்த் தூணைக் கொண்டுபோய் நடு ரோட்டுல வச்சேன். உத்தரம் ரப்பர் மாதிரி ரோடு வரைக்கும் வந்துச்சு. மேகமும் கூடவே வந்துச்சு. ஓடு, விளக்கு, மழைத்தண்ணி போற பைப்பு, எல்லாம் வரிசையா வந்து ரோட்டு மேல நின்னுச்சு."

"சிவப்பு?"

"ஒரு பொட்டு இல்ல."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சாரத்தின் மேல் மஞ்சள் ஹெல்மெட்டுகள் தெரிந்தன. ஒருவன் கம்பியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். இவர்கள் வாயைப் பார்த்துத்தான் அவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

"எனக்கும் தெரியல, சார்," என்றார் ஹெப்சிபா.

சிஷ்யருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. பூவராகன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.



"எட்டியப்பனை மாடல்ல வைங்க," என்றார் ஹெப்சிபா.

"என்னது?"

"அவர் நின்ன இடத்துல வைங்க."

"எதுக்கு, மேடம்?"

ஹெப்சிபா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

பூவராகன் மாடலுக்குள் ஆள் தேடினார். அந்த மாடலில் இல்லாத பொருளே கிடையாது. கதவுக் கைப்பிடி இருந்தது. வாஷ்பேசின் குழாய் இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் விளக்கின் ஒவ்வொரு திருகாணியும் இருந்தது. மனிதர்கள் மட்டும் மூன்று பேர்தான். போன் பேசும் கோட்டுக்காரர், கைப்பை மாட்டிய பெண், பலூன் பிடித்த குழந்தை. கட்டிடம் முடிந்தால் எப்படியிருக்கும் என்று முதலாளிகளுக்குப் படம் காட்டும்போது நிறுத்துவதற்காக வைத்த ஆட்கள். கட்டுகிறவன் எவனும் அதில் இல்லை.

"கோட்டுப் போட்டவர்தான் இருக்கார், மேடம்."

"அவரை வைங்க."

"எட்டியப்பன் லுங்கியிலதான் வருவாரு. இங்க வந்துதான் பேன்ட் மாத்துவாரு."

"வைங்க, சார்."

சாரப் பலகையின் மேல், உத்தரத்துக்கு நேர் கீழே, கோட்டுக்காரரை நிறுத்தினார். உயரம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கேட்டது.

இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் எண்ணைத் தட்ட மாட்டார்கள். தட்டினால் அந்த எண் அங்கேயே செத்துக் கிடக்கும், மற்றதெல்லாம் நகரும்போது அதை மட்டும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டிவரும். சுவரின் உயரம் பன்னிரண்டு அடி என்று போடக்கூடாது, கூரை வரைக்கும் என்று போட வேண்டும். எண் வேண்டாம், உறவைச் சொல். ஹெப்சிபா அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதில் பூவராகன் குருவையே மிஞ்சியவர் என்று ஆபீஸில் பேச்சு உண்டு.

அவர் கை யோசிக்கவே இல்லை. பலகையை ஒரு தட்டு, உத்தரத்தின் அடியை ஒரு தட்டு. கால் பலகையில் இருக்கட்டும், தலை உத்தரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும்.

கோட்டுக்காரர் கச்சிதமாகப் பொருந்தி நின்றார்.

"அஞ்சே முக்கால் அடி," என்றார் பூவராகன். "எட்டியப்பன் அவ்வளவுதான் இருப்பாரு."

அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி. வேலை சுத்தமாக அமைந்துவிட்டால் அவருக்கு அப்படித்தான்.

"சிவப்பு இருக்கா?"

"இல்ல, மேடம்."

"அன்னிக்கு உத்தரம் எதுவரைக்கும் இறங்குச்சு?"





"பலகையைத் தொடல. சாரக் கம்பியில சிக்கி, பலகைக்கு மேல முழங்கால் உயரத்துல நின்னுடுச்சு."

ஹெப்சிபா குனிந்து மவுஸை வாங்கினார். உத்தரத்தை அந்த உயரத்துக்கு இறக்கினார்.

ஸ்கிரீனில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. மாடல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

உத்தரம் இறங்கிற்று.

கோட்டுக்காரர் சுருங்கி முழங்கால் உயரத்துக்கு ஆனார்.

அவர் நசுங்கவில்லை. கோட்டில் ஒரு கசங்கல் இல்லை. காதில் போன் இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது. தலை, உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, சொன்ன இடத்தில் நின்றது.

"சிவப்பு இருக்கா, சார்?"

பூவராகன் முகத்தை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உத்தரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். தூணைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை.

"எண்ணைத் தட்டாதீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்," என்றார் ஹெப்சிபா. அவர் கண் கலங்கியிருந்தது.

போன் அடித்தது.

"சார், பசங்க ரெடியா நிக்கிறாங்க," என்றார் நாகூர்மீரான். "மாடல் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் இல்லங்குது, பாய்," என்றார் பூவராகன். "எல்லாரையும் கீழே இறக்குங்க."