கடலுக்குக் கெடு நீட்டியவர்கள்

கூழையூர் வாய்க்கால் மீட்புச் சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐவருக்கும் பதவி உண்டு; வாய்க்கால்தான் இல்லை. மாசானம் முப்பத்தொரு வருஷமாகச் செயலாளர். தலைவராகிவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. ஆனால் தலைவர் தேர்தல் எப்போதும் நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பொருள். அதற்குள் யாராவது கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். ஒரு தடவை போலீஸ், ஒரு தடவை மழை, ஒரு தடவை தலைவர் கொம்பையாவின் மனைவி.

ஆகவே இந்த வருஷம் கூட்டம் நடத்த எவரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடினார். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே ஒளிந்து கிடந்த ஒரு கடற்கரை. மற்றவர்கள் நீலத் தண்ணீரையும் வெள்ளைப் பாறையையும் கண்டு வாயைப் பிளந்தார்கள். மாசானத்துக்கு, பக்கத்தில் காவல் நிலையம் இல்லாததே பெரிய இயற்கை அழகாகத் தெரிந்தது.

படகில் கொண்டுவந்து விட்ட மிக்கேல், செங்கல் துண்டால் பாறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தார்.

"சாயங்காலம் கடல் ஏறும், அண்ணாச்சி. தண்ணி செவப்புக் கோட்டைத் தொட்டுட்டா, இருக்கிற எடத்துல ஒரு நொடி இருக்கப்பிடாது. அந்தப் படியில ஏறி மேல போயிருங்க."

சொல்லிவிட்டுச் செங்கல் துண்டையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

இரங்கல் தீர்மானம் வாசிக்கும்போது தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. துணைச் செயலாளர் சுடலைக்கண், கிளம்பலாமா என்று கேட்டார். தேர்தலுக்கு இன்னும் நாலு பொருள் பாக்கி.

"வாய்க்காலுக்கு அரசாங்கம் எத்தனை தரம் கெடு நீட்டுச்சு?" என்றார் மாசானம்.

"பதினெட்டு."

"நாம ஒருதரம் நீட்டினா குத்தமா?"

குத்தமில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. மாசானம் ஈரத் துண்டால் கோட்டை அழித்து, இடுப்புயரத்தில் புதுசாக இழுத்தார். கடல் தீர்மானத்தை மதிக்கவில்லை. இரண்டாம் நீட்டிப்பு நெஞ்சுக்கு வந்தது. மூன்றாவதைச் சுடலைக்கண்ணின் தோளில் ஏறி நின்று வரைய வேண்டியிருந்தது. படிகளைப் பற்றி நிகழ்ச்சி நிரலில் ஒன்றும் இல்லாததால், அவை மூழ்கியதை யாரும் கவனிக்கவில்லை.

மிக்கேல் பதறிப்போய்ப் படகோடு வந்தபோது ஐந்து தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே வரவு செலவு விவாதித்துக்கொண்டிருந்தன. ஏறச் சொன்னார். கோடு இன்னும் நனையவில்லையே என்று மாசானம் நியாயம் கேட்டார். மிக்கேல் துடுப்பால் ஒரு வீச்சுத் தண்ணீரை வாரிக் கோட்டின் மேல் அடித்தார்.

"தொட்டுட்டுல்லா? ஏறுங்க."

விதி விதிதான். பதவி வரிசைப்படி ஏறினார்கள். படகு நகரும் முன்பே கடைசிப் பொருள் எடுக்கப்பட்டது. குளிரில் பல் கிட்டியிருந்த கொம்பையாவால் மறுக்க முடியவில்லை. மாசானம் தலைவரானார்.

முப்பத்தொரு வருஷக் கனவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் கழுவப் படகுக்கு வெளியே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். படகின் பக்கவாட்டில், முனைக்கு முனை, பளபளவென்று ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தலைவராக அவர் இட்ட முதல் உத்தரவு நிறைவேற ஒரு நொடிகூட ஆகவில்லை. ஐந்து பேரும் கடலில் குதித்தார்கள்.

தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கி மாசானம் கனிவோடு சொன்னார்:

"மிக்கேலு, நீயும் குதிச்சிருப்பா. ஒத்தையில அங்கன இருந்து செத்துராத."