முயல் எந்தக் காடு?

மூங்கில் காடு, தேக்கங்காடு, புங்கங்காடு மூன்றும் ஒரு மொட்டைப் பாறையடியில் வந்து சேர்ந்தன. அந்த இடத்துக்கு எல்லைக் காவல், மாசாணம் என்ற கீரி. எந்தக் காடு எங்கே முடிகிறது என்று கால் வைத்துக் காட்டுவான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

ஒருநாள் காலையில் பாறையடியில் முனகல் கேட்டது. வெள்ளாயி என்ற முயல், வேடன் வைத்த கண்ணியில் மாட்டிக் கிடந்தாள். கயிறு பின்னங்காலை இறுக்கியிருந்தது.

"அண்ணே, இந்தக் கயித்தைக் கடிச்சு விடுங்க. குட்டிங்க பசியோட கிடக்கு."

மாசாணம் குனிந்து பார்த்தான். அவள் தலை மூங்கில் காட்டில் இருந்தது. மாட்டிய கால் தேக்கங்காட்டில். கயிறு கட்டிய முளையோ புங்கங்காட்டில்.

"மூணு காட்டு விவகாரம் இது. நான் தொட்டா நாளைக்குச் சண்டை வரும். தலைவருங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"அதுக்குள்ள வேடன் வந்துடுவான் அண்ணே."

"முறைன்னு ஒண்ணு இருக்கு தாயி," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மூங்கில் காட்டுக் கரடி, "கால் தேக்கங்காட்டுலதானே மாட்டியிருக்கு?" என்றது. தேக்கங்காட்டு மான், "முளை எங்க பக்கம் இல்லையே," என்றது. புங்கங்காட்டுப் பன்றி, "முயல் எங்க முயல் இல்லை," என்றது. கெஞ்சிக் கூத்தாடி மூவரையும் அழைத்து வருவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

பாறையடியில் அறுந்த கயிறு கிடந்தது. புல்லெல்லாம் ரத்தம். ஒரு பெருச்சாளி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"வெள்ளாயி எங்கே?" என்றான் மாசாணம்.

"இப்பத்தான் அறுத்து விட்டேன். தவ்வித் தவ்விப் போறா. ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டுக் கிடந்துட்டா. அந்தக் கால் இனி உதவாது."

"நீ எந்தக் காடு?" என்று அதட்டியது பன்றி.

பெருச்சாளிக்குக் கேள்வி புரியவில்லை. "இந்தப் பக்கமா வந்தேன். அழுதா. கடிச்சேன்," என்றது.

மாசாணத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காலையிலேயே கடித்திருந்தால் அவள் நாலு காலில் ஓடியிருப்பாள்.

மறுநாள் ஒரு கட்டு அறுகம்புல்லோடு அவள் வளைக்குப் போனான். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

"உள்ள வாங்கண்ணே," என்றாள் வெள்ளாயி, எப்போதும்போல.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். புல்லை வாசலில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் திரும்பி நடந்தான்.

தவிப்பவரை முதலில் காப்பாற்ற வேண்டும். அவர் யாருடைய பொறுப்பு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.