நாமக்கோழியின் நெற்றி வெள்ளை

பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், நெதர்லாந்து நாட்டில் ஓவர்ஸ்லோட் என்று ஒரு சிறிய ஊர் இருந்தது. ஊரின் நடுவே ஒரு கால்வாய். இரு கரையிலும் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒடுக்கமான செங்கல் வீடுகள். அவற்றின் முகப்பு உச்சிகள் படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். ஒரு தேவாலயக் கோபுரம், பாலாடைக்கட்டி எடைபோடும் மண்டபம், படகு வரும்போது மேலே தூக்கிவிடும் மரப்பாலம். அவ்வளவுதான் ஊர்.

கால்வாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் நாணல் அடர்ந்து கிடந்தது. நாமக்கோழி என்று இன்று நாம் சொல்லும் பறவை அதற்குள் கூடு கட்டி அடைகாத்து வந்தது. நம் ஏரிகளில் நீந்துகிற அதே பறவைதான். ஆனால் அப்போது அதன் நெற்றியில் நாமம் இல்லை. அலகிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு.

ஒரு வசந்தத்தில், ஊரைச் சுற்றிப் பார்க்க ஓர் இளவரசி படகில் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஊர்த் தலைவர் லுப்பெர்ட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசற்படிகளைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். பாலத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். கடைசியில், "அந்த நாணல் பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது. வெட்டி எறியுங்கள்" என்றார்.

செய்தி கேட்டதும் பறவை, லுப்பெர்ட் இருந்த எடை மண்டபத்துக்கே ஓடிப்போய் அவர் முன்னால் நின்றது.

"ஐயா, என் முட்டைகள் அங்கே இருக்கின்றன. குஞ்சு வெளியே வரட்டும். பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்."

"இளவரசி ஊரைப் பார்க்க வருகிறார். உன் கூட்டைப் பார்க்க வரவில்லை."

"நான் இந்த ஊர் இல்லையா? இந்த வீடுகள் எழும்புவதற்கு முன்பே என் அம்மா அந்த நாணலில் பிறந்தவள்."

லுப்பெர்ட்டுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. "சரி, சரி. குஞ்சு பொரிக்கிறவரை உன் பக்கத்தைத் தொடமாட்டோம். என் வாக்கு. போ" என்றார். அதை வெளியே அனுப்பினால் போதும் என்று சொன்ன வார்த்தை அது. பறவைக்கு அது தெரியவில்லை. நம்பித் திரும்பிப் போனது.

அடுத்த நாள் காலையில் அது இரை தேடப் போயிருந்த நேரத்தில் அரிவாள்களோடு ஆட்கள் இறங்கினார்கள். திரும்பி வந்தபோது அங்கே வெறும் தண்ணீர். கூடு பிய்ந்து மிதந்தது. முட்டைகள் முங்கிப் போயிருந்தன. பறவை தண்ணீருக்குள் தலையை விட்டு விட்டுத் தேடியது. சேற்றைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

பாலத்தின் மேல் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. லுப்பெர்ட் நின்று மேற்பார்வை செய்தார். பறவை நேரே கைப்பிடியில் ஏறி நின்று, ஊரே கேட்கும்படி கத்தியது.

"வாக்குக் கொடுத்தீர்களே! உங்கள் பிள்ளைகள் தூங்குகிற வீட்டை யாராவது இப்படி இடித்தால் சும்மா இருப்பீர்களா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. லுப்பெர்ட்டின் முகம் சிவந்தது. பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்த சுண்ணாம்பு பிரஷைப் பிடுங்கி, பறவையின் முகத்தில் ஓங்கி அடித்தார். அலகும் நெற்றியும் வெள்ளையாகிவிட்டன.

"இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறாய்!"

எல்லோரும் சிரித்தார்கள். பாலத்தைத் தூக்கி இறக்கும் ஹில்லே என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஈரத் துணியோடு ஓடிவந்தாள்.

"வா பெண்ணே, துடைத்துவிடுகிறேன். சுண்ணாம்பு எரியும்."

"எரியட்டும் அக்கா. இதைக் கழுவமாட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்கட்டும்."

மழையால் இளவரசியின் பயணம் தள்ளிப்போனது. அதற்குள் பறவை வேலையைத் தொடங்கியது. ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று ஊர்க்காரர்கள் தண்ணீரில் எறிந்த குப்பையை எல்லாம் பொறுக்கியது: அறுந்த கயிறு, உடைந்த கூடை, கிழிந்த ஜன்னல் திரை, ஒற்றைச் செருப்பு. அவற்றை வைத்துப் பாலத்துக்கு நேர் கீழே, கால்வாயின் நடுவில் கூடு கட்டி மறுபடி முட்டையிட்டது. கலைக்க வந்தவர்களின் கையைக் கொத்திக் கிழித்தது. மேலேயிருந்து ஹில்லேயும் துடுப்பை ஓங்கினாள்.

வெயில் வந்தது. இளவரசியும் வந்தார்.

"பாலத்தைத் தூக்கு!" என்று கரையிலிருந்து லுப்பெர்ட் கத்தினார்.

"தூக்கினால் படகு கூட்டின் மேல்தான் ஏறும். என் கையால் அது நடக்காது" என்று ஹில்லே பாலம் தூக்கும் சங்கிலியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

படகு நின்றது. பறவை நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் இளவரசியிடம் சொன்னது. அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்து, "பாவம்" என்றார். பிறகு தோழியைத் திரும்பிப் பார்த்து, "ஆனால் கூடு எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தாயா? அந்தச் செருப்பு! இந்த ஊரிலேயே எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது" என்றார்.

லுப்பெர்ட்டின் முகம் மலர்ந்தது. "எங்கள் ஊரின் பெருமை, இளவரசி! நாங்களே பாதுகாத்து வருகிறோம்" என்று குனிந்து வணங்கினார்.

பறவை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"முட்டை போனபோதுகூட உங்களிடம் நியாயம் கேட்கலாம் என்று நினைத்தேன். இனி உங்கள் பேச்சே எனக்கு வேண்டாம்" என்றது. அதுதான் அது மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு. படகோட்டி கொஞ்சம் நெருங்கியதும் "கிக்!" என்று சீறிப் பாய்ந்தது. வேறு வழியில்லாமல் இளவரசியின் படகு வந்த வழியே திரும்பியது.

அன்று முதல்தான் நாமக்கோழியின் அலகும் நெற்றியும் வெள்ளையாக இருக்கின்றன; அந்த நாட்டுக் கால்வாய்களில் அது ஊர் நடுவே குப்பையால் கூடு கட்டி, கிட்டே வருகிறவர்களை எல்லாம் திட்டித் துரத்துகிறது; ஊர் பார்க்க வந்தவர்களோ, அது பாடுகிறது என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.