எத்தனை விநாடி

ஆரணி பக்கம் ஒரு கணினி மையம். நடத்துபவர் மெஹருன்னிசா, முப்பது வயது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் சிங்கராயர், ஐம்பத்தொன்பது. ஆயுசில் பாதிக்கு மேல் பஸ் கண்டக்டராக ஓடியவர். கொஞ்சமும் கூச்சப்படாமல் மெஹருன்னிசாவை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒன்றுக்காகவே பக்கத்து மேஜைக்காரனான எனக்கு மனுஷரை ரொம்பப் பிடிக்கும்.

ஃபைல் மேனேஜரில் விண்ணப்பிக்கிறவரின் பெயரைத் தொட்டால் ஸ்கேனர், போட்டோ, விண்ணப்பம் என்று மூன்று புரோகிராமும் தானாகத் திறக்கும்படி சிங்கராயரே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான குட்டிக் கட்டளைப் பட்டியல், எழுதியிருந்தார். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது.

அன்றைக்கு நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். பவளக்கொடி என்ற பெண் மார்க் ஷீட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

சிங்கராயர் அவள் பெயரைத் தொட்டார். திரை அப்படியே உறைந்துவிட்டது.

"டீச்சரம்மா, மூணும் முண்டியடிச்சுக்கிட்டு ஒண்ணா ஏறுது."

"நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க ஐயா."

மெஷினை அணைத்துப் போட்டு, ஸ்கிரிப்டில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் நடுவே மூன்று விநாடி இடைவெளி வைத்தார். அந்தப் பழைய ஸ்கேனர் நினைத்தால் சட்டென்று எழும், நினைத்தால் மக்கர் பண்ணும். அது எழுவதற்குள் போட்டோ வந்து முட்டியது. ஐந்து வைத்தார். மறுபடியும் உறைந்தது. பத்து வைத்தார். அதுவும் போதவில்லை. மணி நாலரை.

பவளக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. சிங்கராயர் மெஹருன்னிசா பக்கம் திரும்பினார்.

"எத்தனை விநாடின்னு சொல்லிடுங்கம்மா. இந்தப் பொண்ணு படிப்பு என்னால கெட்டுடக் கூடாது."

நானாக இருந்தால் கீபோர்டைப் பிடுங்கியிருப்பேன். மெஹருன்னிசா தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"ஸ்கிரிப்ட் கிடக்கட்டும். ஒவ்வொண்ணா உங்க கையால திறங்க."

சிங்கராயர் ஸ்கேனரைத் திறந்தார். அது எழுந்ததைப் பார்த்துவிட்டுப் போட்டோவைத் தொட்டார். அது வந்து நின்றதும் விண்ணப்பத்தைத் திறந்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பவளக்கொடி திரையில் வந்த விண்ணப்ப நம்பரை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். எனக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது.

அவள் போனதும் சிங்கராயர் நோட்டை எடுத்தார். விடுகிற ஆளா அவர்?

"இப்பவாவது சொல்லுங்க டீச்சரம்மா. எத்தனை விநாடி போடணும்?"

"பஸ்ஸுல கடைசி ஆள் ஏறும்போது, எத்தனை எண்ணிட்டு ஐயா விசில் குடுப்பீங்க?"

"எண்ணுறதா? படியில கால் வச்சாச்சான்னு பார்த்துட்டுத்தான்..."

சிங்கராயர் நோட்டை மூடினார். ஸ்கிரிப்டைத் திறந்து அந்தப் பத்தை அழித்துவிட்டு, முந்தினது திறந்தாச்சா என்று பார்க்கச் சொல்லும் வரியை அங்கே எழுத ஆரம்பித்தார்.