எல்லாத்துக்கும் ஒரே இமேஜ்

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதன் மேனேஜர் ஆராவமுதனுக்கு எல்லாமே ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே கறுப்பு ஷூ.

கம்பெனியின் கிளவுட் சர்வர்களில் பாதிக்குப் பழைய ரக ப்ராசஸர், மீதிக்குப் புது ரகம். ஒரு சர்வரை எழுப்பி ஓடவைக்கிற மொத்த மென்பொருள் மூட்டைக்கு இமேஜ் என்று பெயர். ஒரு ரகத்துக்குக் கட்டிய இமேஜ் இன்னொரு ரகத்தில் ஏறாது.

புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லி இதைச் சொன்னதும் ஆராவமுதன் சீறினார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே இமேஜ்தான். நாளைக்குள்ள ஓடலைன்னா நீ வேற வேலை பார்த்துக்க!"

"சரிங்க சார்" என்றாள் அவள்.

மறுநாள் ஆபீஸில் ஆயுத பூஜை. எல்லோரும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பூஜை முடியவும் முதலாளியின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆராவமுதன் ஓடிவந்து ஷூவில் காலை விட்டார். இடது கால் நுழைந்தது. வலது கால் மாட்டேன் என்றது. குனிந்து பார்த்தால், இரண்டுமே இடது கால் ஷூ!

"யார் பார்த்த வேலை இது?"

"நான்தாங்க சார்" என்றாள் செண்பகவல்லி, வலது ஷூவை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி. "அதே சைஸ், அதே கறுப்புங்க. ரெண்டு காலுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னு..."

ஆராவமுதன் ஷூவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு இமேஜாவே போடு அம்மணி. முதல்ல அந்த ஷூவைக் குடு!"

இப்போதும் அந்த ஆபீஸில் யாராவது இமேஜ் வேண்டும் என்று போய் நின்றால், ஆராவமுதன் நிமிராமலே கேட்பார்:

"எந்தக் காலுக்கு?"