முக்குக் குழாய்க்கு ஒரு கல்

இரண்டு தெருக்கள் சேரும் முக்கில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அது வாய் திறக்கும்; அதுவும் ஒரு மணி நேரம். கிணற்றுத் தெருக் குடங்கள் எல்லாம் நீலம். புளியமரத் தெருக் குடங்கள் எல்லாம் பச்சை. முக்கு வீட்டுக் கோமளாவின் அலுமினியக் குடம் மட்டும் எந்த நிறமும் இல்லாமல், இடுப்பில் ஒரு நசுங்கலோடு இருந்தது.

குழாயடியில் ஒரு கல் உண்டு. வருகிற குடம் முதலில் அதைத் தொட வேண்டும். யாருக்குப் பின் யார் என்று கல் நினைவில் வைத்துச் சொல்லும். கல் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அந்தக் கல்மேல் லாரி ஏறி, அது உடைந்து பத்து நாள் ஆகிவிட்டது.

புதுக் கல்லைக் குழாய் காட்டும். சம்மதம் என்றால் குடங்கள் ஆளுக்கொரு சொட்டு அதன்மேல் தெளிக்கும். பாதிக் குடங்களாவது தெளித்தால் கல் உட்காரலாம். முன்பெல்லாம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்த காரியம் இது.

அன்று பொழுது விடியும்போதே அலுமினியக் குடம் வந்துவிட்டது. கோமளாவின் மகள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். துணி அலச வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் கிடையாது. குழாய் திறக்கிற நேரம் நெருங்கியதும் ஒரு நீலப் பீப்பாய் உருண்டு வந்து, அலுமினியக் குடத்தை இடித்துப் பின்னால் தள்ளியது.

"நான்தான் முதல்ல வந்தேன்."

"அதக் கல்லு சொல்லட்டும்," என்றது பீப்பாய். கல்தான் இல்லையே!

குழாய்க்கே பொறுக்கவில்லை. எதிர்ச் சுவரோரம் கிடந்த ஓர் அம்மிக் குழவியைக் காட்டியது. மிளகாய் அரைத்து அரைத்துத் தேய்ந்த கல். அது மெல்ல உருண்டு வந்து நடுவில் நின்றது.

கழுத்து விரிந்த பெரிய பச்சைக் குடம் முன்னால் வந்தது. "நீ யார் வீட்டு மிளகாய அரைச்ச?"

"யார் கொடுத்தாலும் அரைச்சேன்க்கா."

"கிணத்துத் தெருக் கல்யாணத்துக்கு அரைச்சியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"அரைச்சேன். உங்க தெருக் கல்யாணத்துக்கும்..."

"கேட்டீங்களா! அரைச்சேன்னு அது வாயாலேயே சொல்லிடுச்சு!"

பச்சைக் குடங்கள் ஓவென்று கத்தின. உடனே நீலக் குடங்கள், "எங்க கல்லு! தங்கமான கல்லு!" என்று குதித்தன. நேற்றுவரை அந்தக் குழவியை ஏறிட்டும் பார்க்காதவை அவை. பச்சை வேண்டாம் என்றதாலேயே நீலத்துக்கு அது வேண்டியதாகிவிட்டது. யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள அவற்றுக்கும் ஒன்றுமில்லை. நாலு நாளைக்கு முன் குழாய் ஒரு கருங்கல்லைக் காட்டியபோது, அதைக் குழாயடிக்கே வரவிடாமல் வழி மறித்தவை இதே நீலக் குடங்கள்தான்.

"ஆத்துல கிடந்த காலத்துல எந்தக் கரைப் பக்கம் ஒதுங்கின?" என்றது இன்னொரு பச்சைக் குடம்.

"தண்ணி தள்ளின பக்கம்."

"மழுப்புது பாரு! மழுப்புது!"

அலுமினியக் குடம் கேட்டுக்கொண்டே இருந்தது. வரிசை சொல்லத் தெரியுமா, ஒரு முறை தொட்டவரை மறக்காமல் இருப்பாயா என்று அந்தக் கல்லை ஒரு குடமாவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை.

இதற்குள் குழாய் திறந்துகொண்டது. யாரும் யாரையும் அடியில் விடவில்லை. தண்ணீர் மண்ணில் விழுந்து, நேராகச் சாக்கடைக்கு ஓடியது.

"ஏங்க, தண்ணி போகுதுங்க! பச்ச உடம்புக்காரி வீட்ல காத்துக் கிடக்கா!" என்று அலறியது அலுமினியக் குடம்.

"ஏ நசுங்கி, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல?" இதை மட்டும் நீலமும் பச்சையும் ஒரே குரலில் சொல்லின.

கடைசியில் தெளிக்கிற கட்டம் வந்தது. நீலம் இருபத்தொன்றும் அடியில் மிச்சமிருந்த சொட்டைத் தெளித்தன. பச்சை இருபதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அலுமினியக் குடத்திடம் தெளிக்க ஒரு சொட்டும் இல்லை. ஒரு சொட்டு வித்தியாசத்தில் கல் உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு பீப்பாய், துணிக்குப் போடுகிற சொட்டுநீலத்தை அதன் தலையில் கவிழ்த்தது. "இனிமே நீ நம்ம ஆளு."

கல்லின் உடம்பெல்லாம் நீலம் வழிந்தது. அலுமினியக் குடம் ஓடிப்போய் அதைத் தொட்டது. "நீங்களே சொல்லுங்கய்யா. யாரு முதல்ல?"

"நீதாம்மா முதல்ல வந்த. விடிஞ்சதுலேர்ந்து சுவரோரம் கிடந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தப் பீப்பாய் பதினேழாவதா வந்தது."

"அட துரோகி!" என்று பீப்பாய் சீறியது. "உன்னை எதுக்கு உட்கார வச்சோம்?"

"வரிசை சொல்ல."

"யாரு வரிசைய?"

அலுமினியக் குடம் பச்சைப் பக்கம் திரும்பியது. "நீங்களாவது வழி விடுங்க. கல்லு எனக்குத்தானே சொல்லியிருக்கு?"

"நீலக் கல்லு சொன்னா நாங்க கேக்கணுமா?" என்றது கழுத்து விரிந்த குடம். "இதுல ஏதோ சூது இருக்கு."

குழாய் ஒரு விக்கலோடு நின்றது.

நாற்பத்தொரு குடங்களும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே வெறுமையாகக் கலைந்தன. வீட்டில் கோமளா தன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் அழுக்குத் துணியை மறுபடி சுருட்டி மூலையில் வைத்தாள். திருடர்கள் கொண்டுபோயிருந்தால்கூட யாரோ ஒருவர் குடித்திருப்பார். இது சாக்கடை குடித்த தண்ணீர்.

அன்று சாயங்காலமே பச்சைக் குடங்கள் அந்தக் குழவியைச் சாக்கடைக்குள் உருட்டித் தள்ளின. நீலக் குடங்கள் தடுக்கவில்லை.

மறுமுறை தண்ணீர் வருகிற நாளுக்கு முன்தினம் குழாய் மறுபடி கல் தேடியது. கருங்கல்லைக் கூப்பிட்டது, அது மண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டது. படிக்கல்லைக் கூப்பிட்டது, அது கேட்காததுபோல் கிடந்தது. கூப்பிடாமலே ஒன்று வந்தது. தானாகவே சொட்டுநீலத்தில் முங்கி எழுந்து வந்த கல். இருபத்தொரு நீலக் குடங்களும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தெளித்தன. பச்சைக் குடங்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த தடவைக்கென்று ஒரு கல்லைப் பச்சைச் சாயத்தில் ஊறப்போட்டிருந்தன.

விடிந்தது. அலுமினியக் குடம்தான் அன்றும் முதலில் வந்தது. வழக்கப்படி கல்லைத் தொட்டது.

கல் நிமிர்ந்து பார்த்தது.

"நீ எந்தத் தெரு?"